வார்டுக்கு உழைக்கிறவங்களுக்குப் பாராட்டு விழா: முதல் தடவை நடத்துறவங்களுக்கு

கேடயத்துக்கு ஆர்டர் குடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க, ஏன்னா நாங்க முதல் வருஷம் சறுக்குனது அங்கதான். காரைக்குடியில எங்க வார்டுல சம்பளம் இல்லாம ஊருக்கு வேலை பாக்குற பதினாலு பேரைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு கேடயம், ஒரு பொன்னாடை, எல்லாத்துலயும் ஒரே வரி: ‘தன்னலமற்ற சேவையைப் பாராட்டி’. நூலகத்துல சாயங்காலம் வந்து புக் அடுக்கிக் குடுக்குற ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் கேடயத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, “தம்பி, இதுல நான் என்ன செஞ்சேன்னு எழுதலையேப்பா, பக்கத்துல இருக்குறவருக்கும் இதேதானே இருக்கு”ன்னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார், எனக்குத்தான் சோறு எறங்கல.

அதுக்கப்புறம் கத்துக்கிட்டதை வரிசையா சொல்றேன்.

ஸ்டெப் 1: பேர் சேக்குறது

விழாவுக்கு ஒரு மாசம் முன்னாடி உக்காந்து யோசிச்சா மேடையில அடிக்கடி தெரியுற மூஞ்சிங்கதான் ஞாபகத்துக்கு வரும். அதனால ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி வருஷம் பூரா எழுதிக்கிட்டே வாங்க. விண்ணப்பம் போடச் சொல்லாதீங்க, உண்மையா வேலை பாக்குறவங்க யாரும் போட மாட்டாங்க. குப்பை வண்டி மேஸ்திரி, நூலகர், ஆஸ்பத்திரி நர்ஸ், ஸ்கூல் ஹெச்எம் இவங்ககிட்ட போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: “யாரு ஒரு வாரம் வராட்டி உங்களுக்கு வேலை கஷ்டமாயிரும்?”

எங்க மேஸ்திரி இந்தக் கேள்விக்கு யோசிக்காம ஒரு ஆச்சியைச் சொன்னார். நம்ம ஊர் வீடுங்க தெரியும்ல, முகப்பு ஒரு தெருவுல இருந்தா கொல்லைக் கதவு அடுத்த தெருவுல இருக்கும், அவ்வளவு நீளம். பிள்ளைங்க எல்லாம் வெளியூர், வெளிநாடு. தனியா இருக்குற வயசானவங்க விசில் சத்தம் கேட்டு எந்திரிச்சு வர்றதுக்குள்ள வண்டி போயிரும். இந்த ஆச்சி காலையில மூணு வீட்டுக்குப் போயி, மக்குற குப்பை தனியா மக்காதது தனியா ரெண்டு வாளியில எடுத்துட்டு வந்து முகப்புத் திண்ணையில வச்சுட்டு வண்டிக்குக் காத்து நிக்கிது. அதே தெருவுல இருக்குற எனக்கு இது தெரியாது!

ஒண்ணு கவனிங்க. தூய்மைப் பணியாளர்களை இந்த லிஸ்ட்ல சேத்துராதீங்க, அவங்களையும் பாராட்டணும்தான், ஆனா அவங்க பாக்குறது உத்தியோகம், அதுக்குச் சம்பளமும் கிளவுசும் நேரத்துக்குக் கிடைக்கணும், அந்த எடத்துல சால்வை போட்டு ‘தொண்டு’ன்னு சொல்றது எனக்கு ஒப்பல.

ஸ்டெப் 2: சம்மதம் கேக்குறது

நேர்ல போய்க் கேளுங்க. ரத்தம் குடுக்குறவங்கள்ல சில பேரு வீட்டுக்குத் தெரியாம குடுப்பாங்க, போட்டோ வேணாம்பாங்க. வேணாம்னா விட்டுருங்க. இன்ஷியல், பேர் ரெண்டையும் அவங்க கையாலயே நோட்டுல எழுதி வாங்கிக்கங்க, இது எதுக்குன்னு கீழ சொல்றேன்.

ஸ்டெப் 3: ஆளுக்கு ரெண்டு வரி

மொத்த விழாவுக்கும் இதுதான் உசிரு, இதுக்கு ஒரு வாரம் ஆனாலும் பரவால்ல. என்ன வேலை, எங்க, எத்தனை நாளைக்கு ஒரு தடவை, அதனால யாருக்கு என்ன ஆச்சு, இவ்வளவும் வந்துரணும். ‘அயராத உழைப்பு’, ‘தன்னலமற்ற’, ‘மகத்தான’ இதெல்லாம் வந்தா அடிச்சிருங்க. அந்த ஆச்சிக்கு நாங்க எழுதுனது: “தினமும் காலையில மூணு வீட்டுக் குப்பையைப் பிரிச்சு வண்டியில சேர்க்கிறார். அந்த வீட்டுப் பெரியவங்க யாரும் இப்போ வாளியைத் தூக்கிக்கிட்டுப் படி எறங்குறதில்ல.” இதை வாசிச்சப்ப மண்டபத்துல மின்விசிறி சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.

ஸ்டெப் 4: தேதி

டிசம்பர் 5 சர்வதேசத் தன்னார்வலர் நாள், ஐ.நா. சபை 1985ல அறிவிச்சது. கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அது கார்த்திகை, முகூர்த்த மாசம், மண்டபம் கிடைக்காது, மழை வேற. மார்கழி பொறந்துருச்சுன்னா கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம், ஆடியும் அப்படித்தான். தைப்பூசத்தை ஒட்டி மட்டும் வைக்காதீங்க, நம்மாளுங்கள்ல பாதிப்பேரு பழனி நடைப்பயணத்துல இருப்பாங்க, மீதிப்பேரு அவங்களுக்குத் தண்ணியும் மோரும் குடுத்துக்கிட்டு நிப்பாங்க.

ஸ்டெப் 5: என்ன குடுக்குறது

கேடயம் பரணுக்குத்தான் போகும். நம்ம பக்கம் ஒரு பழக்கம் இருக்கு, வீட்டுல ஒரு கரண்டிகூட பேர் வெட்டாம இருக்காது, அப்பத்தா காலத்து அண்டாவுல விலாசம் இன்னும் தெரியும். அதனால எவர்சில்வர் தூக்குச்சட்டி வாங்கி அதுல பேர், வருஷம், செஞ்ச வேலை மூணையும் வெட்டிக் குடுத்தோம். பாத்திரக் கடையிலயே மெஷின் வச்சு வெட்டிக் குடுப்பாங்க. வெறும் சட்டியைக் குடுக்காம உள்ள மாவுருண்டையும் சீப்புச்சீடையும் போட்டுக் குடுங்க. பேர் எழுதி வாங்கச் சொன்னேன்ல, அது இதுக்குத்தான், பேப்பர்ல தப்புன்னா மாத்தி அடிக்கலாம், எவர்சில்வர்ல வெட்டுனா வெட்டுனதுதான்.

ஸ்டெப் 6: மேடை

1939லருந்து கம்பன் விழா நடக்குற ஊரு, பேச்சுக் கேக்க நமக்குப் பொறுமை ஜாஸ்தி. ஆனா முதல் வருஷம் எங்க சிறப்பு விருந்தினர் ரெண்டு மணி நேரம் லேட்டு, அவர் வந்து சேர்றதுக்குள்ள பாராட்ட வேண்டிய ஆளுங்கள்ல நாலு பேரு பஸ்சுக்குக் கெளம்பிட்டாங்க. இப்போ கணக்கு இதுதான், தமிழ்த்தாய் வாழ்த்து 55 செகண்டு, வரவேற்பு ரெண்டு நிமிஷம், அடுத்து நேரா முதல் பேரு. விருந்தினர் வரலேன்னா அந்த மேஸ்திரியோ நூலகரோ குடுக்கட்டும், அவங்கதானே பக்கத்துல இருந்து பாத்தவங்க. நாற்காலியில முன்வரிசை பாராட்டு வாங்குறவங்க வீட்டு ஆளுங்களுக்கு.

ஸ்டெப் 7: மறுநாள் வேலை

போட்டோவை வாட்ஸ்அப்ல அனுப்புங்க. 2024ல நம்ம ஊரு மாநகராட்சி ஆயிருச்சு, அந்த ரெண்டு வரிகளையும் சேத்து ஒரு லெட்டரா அடிச்சு ஆணையர் ஆபீசுக்கும் கவுன்சிலருக்கும் குடுத்துட்டு சீல் போட்ட நகல் வாங்கி வச்சுக்கங்க. 15லருந்து 35 வயசுக்குள்ள இருக்குற பசங்கன்னா முதலமைச்சர் மாநில இளைஞர் விருதுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்க, சுதந்திர தினத்தன்னைக்குக் குடுப்பாங்க, அதுக்குக் கேக்குற ஆதாரத்துல இந்த லெட்டரும் போட்டோவும் உதவும்.

அப்புறம் ஒவ்வொருத்தர்கிட்டயும் “அடுத்த வருஷத்துக்கு என்ன வேணும்?”னு கேட்டு எழுதுங்க. ஊருணியை, அதான் ஊர்க் குளத்தை, சுத்தம் பண்ணுற பசங்க ரெண்டு மண்வெட்டியும் நீளக் கம்பு போட்ட வலையும் கேட்டாங்க, வாங்கிக் குடுத்தாச்சு. வாத்தியார் நூலகத்துல உசரமா ஒரு முக்காலி கேட்டார், மேல் தட்டு எட்டலையாம். ஆச்சி ஒண்ணும் வேணாம்னுச்சு, நான் விடாம கேட்டதுக்கு, “அந்த வண்டிக்காரத் தம்பியை எங்க தெருவுல ஒரு நிமிஷம் கூட நிக்கச் சொல்லு, போதும்”னுச்சு.

மேஸ்திரிகிட்ட சொன்னேன். இப்போ நிக்கிறாங்க.