பத்து சதவீதத்துக்குள் வந்துவிட்டால் போதுமா?

ஆய்வேட்டை ஒப்படைக்கும் நேரத்தில் ஆய்வு மாணவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது, "உனக்கு எத்தனை பர்சன்ட் வந்தது?" என்பதுதான். மற்ற தவறுகள் பலவும் இந்தக் கேள்வியிலிருந்தே கிளைக்கின்றன. எழுத்துத் திருட்டைச் சோதிக்கும் மென்பொருள், ஆய்வேட்டில் எத்தனை சதவீதம் மற்றவர்கள் எழுதியதோடு ஒத்துப்போகிறது என்று ஓர் எண் தரும்; அது காட்டுவது ஒப்புமையை மட்டும்தான். திருட்டா இல்லையா என்பதை ஆள்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதைத் தாண்டி 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைத் தரவே முடியாது. அதற்கும் மேல் போனால் பதிவு ரத்து. மூலம் காட்டிய மேற்கோள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை போன்றவை இந்தக் கணக்கில் சேராது. இவற்றை நீக்காமல் சோதித்தால் நேர்மையான ஆய்வேட்டிலும் எண் எகிறும். அதைப் பார்த்துப் பயந்து மேற்கோள்களையே வெட்டி எறிபவர்கள் உண்டு. பாவம், வேண்டாத வேலை.

எதிர்ப்பக்கம்தான் ஆபத்தானது. ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கி ஓர் இயலாக வைத்தால், அல்லது இணையத்தில் ஏறாத பழைய அச்சு நூலிலிருந்து எடுத்தால், எண் பெரும்பாலும் குறைவாகவே வரும். மென்பொருள் தன்னிடம் இருப்பதோடுதானே ஒப்பிடும்? தமிழில் ஆய்வு செய்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மொழி மாறினாலும் கருத்தும் வாதத்தின் வரிசையும் மூல ஆசிரியருடையவைதான். மூலத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

அடுத்தது, சொல்லை மட்டும் மாற்றுவது. ஒரு நூலில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "காவிரி டெல்டாவில் குறுவைச் சாகுபடிப் பரப்பு, மேட்டூர் அணை திறக்கும் தேதியைப் பொறுத்தே கூடிக் குறைகிறது." இதை "காவிரிப் படுகையில் குறுவை பயிரிடும் நிலத்தின் அளவு, மேட்டூரில் நீர் திறக்கும் நாளுக்கு ஏற்ப அதிகரிக்கவோ குறையவோ செய்கிறது" என்று எழுதினால் சொந்த வாக்கியம் ஆகிவிடாது. எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. அடிக்குறிப்பு போட்டாலும் பாதிதான் சரி, ஏனென்றால் வாக்கிய அமைப்பும் உங்களுடையது என்றே படிப்பவர் நினைப்பார்.

சரி, எப்படி எழுதுவது? நூலை மூடிவைத்துவிட்டு, அந்தக் கருத்து உங்கள் ஆய்வில் எதற்கு வேண்டும் என்று யோசித்து எழுதுங்கள்: "குறுவைப் பரப்பை அணை திறப்போடு இணைக்கிறார் இன்னார் (ஆண்டு, பக்கம்). ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர்களுக்கும் இது பொருந்துமா என்பதே இந்த இயலின் கேள்வி." இப்போது அவர் சொன்னது எது, நீங்கள் கேட்பது எது என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. மூலத்தின் சொற்களே முக்கியம் என்றால் மேற்கோள் குறிக்குள் அப்படியே போடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பலர் தெரியாமலே மாட்டிக்கொள்வது குறிப்பெடுக்கும்போதுதான். நூலகத்தில் எழுதிய பத்தி யாருடைய வாக்கியம் என்று ஓராண்டு கழித்து நினைவிருக்காது. குறிப்பிலேயே மேற்கோள் குறியையும் பக்க எண்ணையும் சேர்த்து எழுதும் பழக்கம் ஒன்றே இதற்கு வழி. அப்புறம், ஒருவர் நூலில் மேற்கோளாக வந்த பழைய நூலை நேரில் படித்ததுபோல் பட்டியலில் சேர்க்காதீர்கள். இன்னார் எடுத்தாண்டது என்று சொல்லிவிடுங்கள். இடையில் இருப்பவர் பக்க எண்ணைத் தவறாகத் தந்திருந்தால் அந்தத் தவறே உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

நீங்களே முன்பு வெளியிட்ட கட்டுரையையும் குறிப்பிடாமல் மறுபடி பயன்படுத்தக் கூடாது. மானியக் குழு 2020-ல் இதைத் தனி அறிவிப்பாகவே சொல்லியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவி தரும் நூற்பட்டியலையும் நம்பிவிடாதீர்கள். இல்லாத நூலுக்கு ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் கொடுக்கும். கையில் எடுத்துப் பார்க்காத நூல் பட்டியலில் வேண்டாம்.

நெறியாளர் கவனிக்கவில்லை, வாய்மொழித் தேர்வும் முடிந்தது என்பதோடு இது ஓய்ந்துவிடுவதில்லை. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் ஆய்வேடு ஏறிய பிறகு உலகில் யாரும் திறந்து படிக்கலாம். திருட்டு பின்னால் நிரூபணமானாலும், வாங்கிய பட்டத்தை நிறுத்திவைக்க அதே 2018 விதிமுறை இடம் தருகிறது.