நன்றாகத் தூங்கிய குழந்தை திடீரென்று இரவில் விழித்துக்கொண்டே இருந்தால்

என் இரண்டாவது மகள் மூன்று மாதம் முடியும்வரை இரவில் நீண்ட நேரம் அசையாமல் தூங்குவாள். நான்காம் மாதத்தில் மணிக்கொரு முறை விழித்து அழத் தொடங்கினாள். பால் போதவில்லை என்றார் ஒருவர். மடியிலேயே வைத்துப் பழக்கம் கெட்டுவிட்டது என்றார் இன்னொருவர். காரணம் இரண்டும் இல்லை.

பிறந்த குழந்தையின் தூக்கத்தில் இரண்டே நிலைகள்: முகம் சுளித்து, கைகால் உதறும் தூக்கம், அசைவற்ற தூக்கம். மூன்று முதல் ஐந்து மாதத்துக்குள் அது பெரியவர்களுடையதைப் போலப் பல படிகளாகப் பிரிகிறது. ஏறத்தாழ 50 முதல் 60 நிமிடத்துக்கு ஒரு சுற்று முடியும்; முடிவில் லேசான விழிப்பு வரும். நமக்கும் அது வருகிறது, புரண்டு படுத்து மறுபடி தூங்கிவிடுகிறோம். குழந்தைக்கு அப்படித் தானாகத் தூங்கிவிடுவது இன்னும் கைவரவில்லை.

முதலில் நோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பால் குடிக்க மறுப்பது, சிறுநீர் குறைவது, மூச்சுத் திணறல், எதற்கும் அடங்காத அழுகை இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

நோய் இல்லையென்றால், முனகல் கேட்டவுடன் தூக்காதீர்கள். பாதித் தூக்கத்திலேயே குழந்தைகள் முனகும், சிணுங்கும், கண்ணைக்கூடத் திறக்கும். நாம் தூக்குவதாலேயே முழுதாக விழித்துக்கொள்வதும் உண்டு. சற்று நேரம் கவனித்துக் கேளுங்கள். பிறகு மார்பின்மேல் கையை மெல்ல வைத்துப் பாருங்கள். உண்மையான அழுகை என்றால் உடனே எடுத்துவிடுங்கள். இந்த வயதில் தனியே அழவிடுவதை நான் ஏற்கவே மாட்டேன். பசித்தால் பால் கொடுங்கள். விளக்கு மங்கலாக இருக்கட்டும், பேச்சும் விளையாட்டும் வேண்டாம். டயப்பரை மாற்ற வேண்டியிருந்தால் பால் குடித்து முடிப்பதற்குள் மாற்றிவிடுங்கள். குடித்துக் கண்சொருகிய பிறகு மாற்றினால் மறுபடி எழுந்துவிடும்.

இரவின் பாதி விடை பகலில் இருக்கிறது. இந்த வயதில் குழந்தைக்கு உலகமெல்லாம் வேடிக்கை. ஒரு சிறு சத்தம் கேட்டாலும் பாலை விட்டுத் திரும்பிப் பார்க்கும், குறைந்ததை இரவில் கேட்டு வாங்கும். அமைதியான, மங்கிய அறையில் பகல் பாலைக் கொடுக்கத் தொடங்கியதும் என் மகளிடம் மாற்றம் தெரிந்தது. ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் விழித்திருந்தாலே பல குழந்தைகள் களைத்துவிடும். பார்வை நிலைகுத்தினாலோ கண்ணைக் கசக்கினாலோ உடனே தூங்க வையுங்கள். இரவில் தூங்கட்டும் என்று பகல் தூக்கத்தைக் குறைத்தால், களைப்பு மிகுந்து இரவு இன்னும் மோசமாகும்.

முன்னிரவுத் தூக்கத்துக்கு மட்டும், கண் முழுதும் மூடும் முன்பே படுக்கையில் விட்டுப் பாருங்கள். அழுதால் எடுத்துவிடலாம், நாளை மறுபடி முயலலாம்.

சோர்வில் பாதுகாப்பை விட்டுவிடாதீர்கள். சமதளமான, அழுத்தமான மெத்தையில் மல்லாத்திப் படுக்க வையுங்கள். தலையணை, தளர்ந்த போர்வை, பொம்மை எதுவும் அங்கே வேண்டாம். புரள முயன்றால் துணியில் சுற்றுவதை அன்றே நிறுத்துங்கள். நள்ளிரவில் சோபாவில் அமர்ந்து பால் கொடுக்காதீர்கள். குழந்தையோடு அங்கே கண்ணயர்வது மிகவும் ஆபத்தானது. தூக்கம் வருமென்று புட்டிப்பாலில் மாவு கலப்பதும் தூக்க மருந்து கொடுப்பதும் கூடவே கூடாது.

இரவை இருவர் பகிர்ந்துகொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு மணிவரை கணவர், பிறகு நான். என் முறை வரும்வரை, குழந்தைக்குப் பசித்தால் அவர் அவளை என்னிடம் பால் குடிக்கக் கொண்டுவருவார். ஏப்பம் விடச்செய்து படுக்க வைப்பதும் அவர்தான். நான் எழுந்து உட்காரக்கூட வேண்டியதில்லை.

ஆத்திரம் பொங்கினால் குழந்தையைப் பத்திரமாகப் படுக்கையில் மல்லாத்திவிட்டுச் சில நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். எந்த நிலையிலும் குழந்தையைப் பிடித்து உலுக்காதீர்கள். பெரும்பாலும் சில வாரங்களில் இது தணியும். தூங்க நேரம் கிடைத்தும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்ற நிலை இரண்டு வாரம் நீடித்தால், உங்களுக்காக மருத்துவரைப் பாருங்கள்.