விளையாட்டு உடை பிராண்டுக்கு சோஷியல் மீடியாவில் ஆட்களைச் சேர்ப்பது எப்படி? ஜிம்ஷார்க் காட்டிய வழி

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பக்கத்தில் 2012இல் பென் பிரான்சிஸ் என்ற 19 வயது மாணவர் ஆரம்பித்த கம்பெனி ஜிம்ஷார்க். பகலில் படிப்பு, மாலையில் பீட்சா டெலிவரி, மிச்ச நேரத்தில் பெற்றோர் வீட்டு கராஜில் தையல் மெஷின். தைக்கக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய பாட்டி. 2020இல் அந்தக் கம்பெனியின் மதிப்பு 100 கோடி பவுண்டைத் தாண்டியது. டிவி விளம்பரத்துக்குக் காசில்லாத தொடக்க வருடங்களில் அவர்களைத் தூக்கி நிறுத்தியது யூடியூபும் பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும்தான்.

திருப்பூரில் நன்றாகத் தைக்கிற பலர் இப்போது சொந்தப் பெயரில் ஜெர்சி, டிராக் பேன்ட் விற்க வருகிறார்கள். துணி அருமையாக இருக்கிறது. ஆனால் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திறந்தால் வெறும் போட்டோவும் 'விலைக்கு டிஎம் செய்யவும்', அதாவது தனி மெசேஜில் கேளுங்கள், என்ற வரியும்தான். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: ஒரே ஒரு கூட்டத்தைப் பிடியுங்கள்

ஜிம்ஷார்க் எல்லா விளையாட்டுக்காரர்களுக்கும் உடை தைக்கப் போகவில்லை. ஜிம்முக்குப் போய் உடம்பை ஏற்றுகிற இளைஞர்கள், அவ்வளவுதான். அவர்களுக்குப் பிடித்த, உடம்போடு ஒட்டிய அளவு அப்போது கடைகளில் சரியாகக் கிடைக்கவில்லை. உங்கள் கூட்டம் கபடி ஆடுகிறவர்களா, காலையில் மைதானத்தில் ஓடுகிறவர்களா, பேட்மின்டன் ஆடுகிறவர்களா? ஒரே வரியில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். அவர்கள் அதிகம் பார்க்கிற ஒரு தளத்தில் மட்டும் கணக்குத் தொடங்குங்கள். புரொஃபஷனல் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள், இலவசம்தான். கடைசிப் படிக்கு அது தேவைப்படும்.

படி 2: உடையைவிடப் பயிற்சியைக் காட்டுங்கள்

ஜெர்சியை ஹேங்கரில் மாட்டி எடுத்த படத்தை யாரும் நண்பருக்கு அனுப்ப மாட்டார்கள். 'ஓடுவதற்கு முன் ஐந்து நிமிடம் செய்ய வேண்டிய வார்ம் அப்' என்று ஒரு ரீல் போட்டால் அனுப்புவார்கள். அதில் ஓடுகிறவர் உங்கள் டி-ஷர்ட்டைப் போட்டிருக்கட்டும், போதும். உடையைப் பற்றியே பேசுவதானால் சோதித்துக் காட்டுங்கள். லெக்கிங்ஸ் போட்டுக் குந்தி எழும்போது உள்ளே தெரிகிறதா? டாட் நிட் (புள்ளி புள்ளியாகப் பின்னிய துணி) ஜெர்சி வியர்வையில் நனைந்து எவ்வளவு நேரத்தில் காய்கிறது? இருபது முறை துவைத்த பிறகு பிரின்ட் எப்படி இருக்கிறது? வாங்குகிறவருக்கு இருக்கிற சந்தேகங்கள் இவைதான்.

2020 ஊரடங்கில் ஜிம்கள் மூடியபோது ஜிம்ஷார்க் தன் பக்கங்களில் பெயரையே கொஞ்ச நாள் 'ஹோம்ஷார்க்' என்று மாற்றிக்கொண்டு வீட்டுப் பயிற்சிகளைப் போட்டது. தன் கூட்டம் அன்று எங்கே இருக்கிறதோ அங்கே போய் நின்றது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது.

படி 3: உடையைப் போட்டுக் காட்டுகிறவர்களைத் தேடிப் போங்கள்

ஆரம்பத்தில் ஜிம்ஷார்க்காரர்கள் நட்சத்திரங்களைத் தேடவில்லை. தாங்களே விரும்பிப் பார்த்த ஜிம் யூடியூபர்களுக்கு உடைகளை இலவசமாக அனுப்பினார்கள். 2013இல் பர்மிங்ஹாமில் நடந்த பாடிபவர் என்ற உடற்பயிற்சிக் கண்காட்சியில் ஒரு ஸ்டால் போட்டார்கள். அதற்குப் பிறகு அவர்களுடைய டிராக்சூட் பேஸ்புக்கில் பரவி, அரை மணி நேரத்தில் 30,000 பவுண்டுக்கு விற்றது.

உங்கள் ஊர் கபடி அணி கேப்டனுக்கோ மாரத்தான் கிளப் கோச்சுக்கோ இரண்டாயிரம் ஃபாலோயர்தான் இருக்கலாம். அந்த இரண்டாயிரம் பேரும் ஆடுகிறவர்கள். உடையைக் கொடுங்கள், ஒரு மாதம் போடச் சொல்லுங்கள், குறையையும் சேர்த்துப் பேசச் சொல்லுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: பணமோ இலவசப் பொருளோ கொடுத்திருந்தால், அது விளம்பரம் என்று பதிவிலேயே தெரிய வேண்டும். இந்திய விளம்பரத் தர கவுன்சிலின் விதி 2021 ஜூனிலிருந்தே இதைச் சொல்கிறது.

படி 4: ஒரு சவால் வையுங்கள்

இந்தப் பதிவில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஜிம்ஷார்க்கின் '66' என்ற சவால் எளிமையானது. ஒரு நல்ல பழக்கத்தை நீங்களே தேர்ந்தெடுத்து 66 நாள் விடாமல் செய்ய வேண்டும். முதல் நாளும் கடைசி நாளும் படம் எடுத்து ஹேஷ்டேக்கோடு போட வேண்டும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து நடந்த ஆய்வில் ஒரு பழக்கம் படிய ஆன சராசரி நாட்கள்தான் அந்த 66. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை மாறியது. அதனால் நடுவில் தவறியவர்களைத் திட்டாமல் தொடரச் சொல்லுங்கள்.

கவனியுங்கள், அதில் 'வாங்கு' என்ற சொல்லே இல்லை. கலந்துகொள்கிறவர் இரண்டு மாதம் பிராண்டின் பெயரைத் தன் வாழ்க்கையோடு சேர்த்துச் சொல்கிறார்.

முதல் முறை உங்களுக்கு 21 நாள் போதும். 'தினமும் 3 கிலோமீட்டர்' மாதிரி ஒரே விதி. நீங்களும் ஓடுங்கள், தினமும் ஸ்டோரி போடுங்கள். பங்கேற்கிறவர் முப்பதே பேர் என்றாலும் ஒவ்வொருவர் பதிவையும் பெயர் சொல்லிப் பகிருங்கள். அவர்களிடம் முதலில் அனுமதி கேளுங்கள், அது மரியாதை. பரிசு கொடுப்பதானால் வேகமாக ஓடியவருக்கு வேண்டாம், கடைசி நாள் வரை நின்ற எல்லோருக்கும் ஒரு பேட்ஜ் கொடுங்கள்.

படி 5: கமென்ட்டில் உட்காருங்கள்

தினமும் அரை மணி நேரம், முதலாளியான நீங்களே பதில் எழுதுங்கள். 'எம் சைஸ் தொடையில் இறுக்குமா அண்ணா?' என்று ஒருவர் கேட்டால், அங்கேயே அளவை அங்குலத்தில் எழுதுங்கள். கேட்காத பத்துப் பேர் அதைப் படிப்பார்கள். விலையையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

தப்பு நடந்தால் ஒளியாதீர்கள். 2015 பிளாக் ஃபிரைடே என்ற பெரிய தள்ளுபடி விற்பனை நாள் அன்று ஜிம்ஷார்க் வலைத்தளம் எட்டு மணி நேரம் படுத்துவிட்டது. பென் பிரான்சிஸ் 2,500 மன்னிப்புக் கடிதங்களைக் கையாலேயே எழுதினார். நீங்கள் வாடிக்கையாளரைக் கூப்பிட்டே பேசிவிடலாம்.

படி 6: சரியான எண்ணைப் பாருங்கள்

வாரம் ஒருமுறை இன்சைட்ஸ் பக்கத்தை (புரொஃபஷனல் கணக்கில் பதிவுகளின் எண்களைக் காட்டுகிற இடம்) திறங்கள். லைக்கை விடுங்கள். எத்தனை பேர் சேவ் செய்தார்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள், எத்தனை பேர் மெசேஜில் கேள்வி கேட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நான்கு வாரம் ஆனதும் அதிகம் பகிரப்பட்ட மூன்று பதிவுகளை எடுத்து, அதே வகையில் அடுத்த மாதத்துக்கு எட்டு வீடியோ படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.