கோயில் வாசலில் கிறிஸ்துமஸ் கார்டு விற்கப் போகிறீர்களா?

பினாங்கில் ஞாயிறு பூசை முடிந்து வருகிறவர்களிடம் நான் வரைந்த கார்டுகளைச் சில வருடங்களாக விற்று வருகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, அச்சடித்த கார்டை ‘கையால் செய்தது’ என்று சொல்லி விற்பதுதான். மூலப்படம் உங்கள் கையால் வரைந்ததாகவே இருக்கட்டும், அதை ஸ்கேன் செய்து நூறு பிரதி போட்டால் அது அச்சுதான், அதை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. “படம் நான் வரைந்தது, அச்சு கடையில் போட்டது, நட்சத்திரத்துக்குப் பொன் மை மட்டும் ஒவ்வொன்றிலும் கையால் வைத்தேன்” என்று ஓர் அக்காவிடம் சொன்னேன். அவர் கார்டை வெளிச்சத்தில் சாய்த்து, அந்த நட்சத்திரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஆறு கார்டு வாங்கினார்.

அடுத்தது தமிழ் எழுத்து. எனக்கு மனசு வலிப்பது இதில்தான். சில டிசைன் மென்பொருள்களில் தமிழுக்கான அமைப்பைச் சரியாக வைக்காவிட்டால் ‘பெருவிழா’வின் கொம்பு ‘ப’வுக்குப் பின்னால் போய் நிற்கும், தமிழ் தெரியாத அச்சகக்காரர் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்? எனக்கு ஒரு வருடம் 200 கார்டு அப்படியே வந்து இறங்கியது, ஒன்றைக்கூட விற்க மனம் வரவில்லை. அச்சகத்துக் கணினியில் எழுத்து குலையாமலிருக்க, அதை வடிவமாக (அவுட்லைன்) மாற்றி பிடிஎஃப் அனுப்புங்கள், முதலில் ஒரே ஒரு கார்டு அடித்து வாங்கி வீட்டில் பெரியவர் ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள்.

உறையைக் கடைசியில் தேடாதீர்கள். ஏ5 தாளை இரண்டாக மடித்தால் ஏ6, அது சி6 உறையில் சரியாக அடங்கும். 300 ஜிஎஸ்எம் போன்ற தடித்த தாள் என்றால் மடிக்கும் இடத்தில் முதலில் கோடு அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பில் மை வெடித்து வெள்ளையாகத் தெரியும். அப்புறம், அக்டோபர் நவம்பர் மழையில் கார்டை வெறும் அட்டைப்பெட்டியில் வைத்தால் ஈரம் ஏறி வளைந்துவிடும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

பனியும் பைன் மரமும் எந்தக் கடையிலும் கிடைக்கும். நம் ஆட்கள் என்னிடம் தேடி வாங்குவது இயேசு பிறந்த குடில் படத்தையும், தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு வாசலில் கிட்டாரோடு நிற்கும் பாட்டுக் குழுவையும்தான்.

டிசம்பர் மூன்றாம் வாரம் மேசை போட்டால் தாமதம். வெளியூருக்குத் தபாலில் அனுப்புகிறவர்கள் திருவருகைக் கால முதல் ஞாயிறன்றே, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிறன்றே கேட்பார்கள், அன்றைக்கு உங்கள் கார்டு அங்கே இருக்க வேண்டும்.