உப்புத்தாளைக் கீழே வையுங்கள்: உருமாறிய பழைய ராணுவத் துப்பாக்கியில் முத்திரை தேடுபவர்களுக்கு

போன வாரம் ஒரு தம்பி படம் அனுப்பியிருந்தார். பழைய மவுசர் ரைபிள். யாரோ எப்போதோ வேட்டைக்காக முன்கட்டையைப் பாதியாக அறுத்து, பேரலுக்குப் புதுக் கறுப்பு ஏற்றியிருக்கிறார்கள். கீழே ஒரு வரி: “அண்ணா, நன்றாகத் தேய்த்துவிட்டேன், இப்போதும் எழுத்து தெரியவில்லையே.”

தேய்த்ததால்தான் தெரியவில்லை. இதே கூத்தை நானும் அடித்திருக்கிறேன் என்பதால் திட்ட மனம் வரவில்லை. உள்ளே குண்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்பது போன்ற பாடங்களை விட்டுவிடுகிறேன். அதுகூடத் தெரியாதவர் துப்பாக்கியைத் தொடவே கூடாது.

தேய்ப்பது

சில ஆண்டுகளுக்கு முன் என் கைக்கு ஒரு கெவேர் 98 வந்தது. முதல் உலகப்போரில் ஜெர்மன் படை தூக்கிய மவுசர் ரைபிள். சேம்பருக்கு, அதாவது தோட்டா உட்காரும் அறைக்கு, மேலே 1920 என்று பளிச்சென்று இருந்தது. அதற்குக் கீழே துருவோடு துருவாக ஒரு மங்கல் வரி. ஆலையின் பெயரும் நான்கு இலக்கமும் இருப்பதுபோல் பட்டது. மெல்லிய உப்புத்தாளில் எண்ணெய் விட்டு ஐந்து நிமிடம் தேய்த்தேன். 1920 இன்னும் அழகாக மின்னியது. கீழ்வரியைக் காணோம். ‘1920-இல் தயாரானது’ என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன்.

விஷயம் தெரிந்த ஒருவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். போர் முடிந்து வந்த குடியரசு, தன் கையிருப்பில் இருந்த பழைய ஆயுதங்களில் அரசு உடைமை என்று அடையாளம் வைக்க அடித்த முத்திரைதான் அந்த 1920. தயாரித்த ஆண்டு நான் தேய்த்துத் தள்ளிய வரியில் இருந்திருக்கிறது. ரிசீவரின், அதாவது பேரல் வந்து பொருந்தும் நடு இரும்புக்கூட்டின், வலப்பக்கத்தில் மூன்று சின்னக் கிரீடங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஓர் எழுத்து, ஆய்வாளர்கள் அடித்தவை. ஜெர்மன் பேரரசர் கெய்சர் 1918 நவம்பரிலேயே முடி துறந்துவிட்டார். 1920-இல் செய்த ரைபிளில் கிரீடம் எப்படி வரும்? கண்ணெதிரே இருந்தும் கேட்கத் தோன்றவில்லை. இன்றுவரை அது 1918-க்குள் செய்யப்பட்டது என்பதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது. நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான்.

மாற்றி அமைத்த துப்பாக்கியில் இந்தத் தவறு இரட்டிப்பாக வலிக்கும். புதுக் கறுப்பு ஏற்றுவதற்கு முன்பே அந்தப் பழைய ஆள் ஒருமுறை பாலிஷ் போட்டிருப்பார். நமக்கு மிஞ்சுவது எழுத்தின் அடிப்பள்ளம் மட்டும். பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் துருதான் அதைப் படிக்க உதவும் மை. உப்புத்தாள் மையையும் எடுக்கும், பள்ளத்தின் கரையையும் எடுக்கும்.

வேறு என்ன செய்யலாம்? எண்ணெய் தடவி ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் மெல்லிய துணி, பல்குத்தும் மரக்குச்சி, அவ்வளவு போதும். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை இரும்போடு ஒட்டிப் படுக்கவைத்தாற்போல் பிடித்து, மெதுவாகச் சுற்றிவாருங்கள். ஒவ்வொரு கோணத்திலும் படம் எடுங்கள். ஒன்றில் 7-இன் கால் தெரியும், இன்னொன்றில் அதன் தலை. மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்து உரசினாலும் சில நேரம் எழுத்து எழுந்து வரும்.

ஒரு பாகத்தின் ஆண்டை முழுத் துப்பாக்கிக்கும் கொடுப்பது

முத்திரை எந்தப் பாகத்தில் இருக்கிறதோ அந்தப் பாகத்தைப் பற்றித்தான் பேசும். பிரிட்டிஷ் 1853 என்ஃபீல்ட் குழலின் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் ரகம். 1866 முதல் அதன் பின்பக்கத்தை அறுத்து, ஸ்னைடர் முறைப்படி பின்னாலிருந்து தோட்டா போடும்படி மாற்றினார்கள். சுடும் பொறியைத் தாங்கும் பக்கத் தகடான லாக் பிளேட்டை அப்படியே விட்டார்கள். அதனால் பிளேட்டில் 1861 இருக்கும், பக்கவாட்டில் திறக்கும் மூடியோ அதற்குப் பிந்தையது. இரண்டும் உண்மை. இரண்டையும் எழுதி வையுங்கள். அதே பிளேட்டில் ‘டவர்’ என்று பார்த்ததும் லண்டன் கோட்டைக்குள் செய்தது என்று குதிக்க வேண்டாம். வெளி ஒப்பந்தக்காரர்கள் செய்தவற்றிலும் அந்தப் பெயர் உண்டு.

மாடல் எண்ணை ஆண்டாகப் படிப்பது

1873 மாடல் அமெரிக்க ஸ்பிரிங்ஃபீல்ட் ரைபிள் 1880-களிலும் ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

பாகங்களின் வரிசை எண்கள் பொருந்துகின்றன என்று மகிழ்வது

சோவியத் படைக்கலச் சாலைகள் ரஷ்ய மோசின் ரைபிள்களைப் பழுதுபார்த்தபோது, கிடைத்த போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) பொருத்தி, பழைய எண்ணை அடித்துவிட்டுப் புது எண் போட்டன. இலக்கத்தின் வடிவத்தைப் பாருங்கள். பேரலில் இருக்கும் 4-உம் போல்ட்டில் இருக்கும் 4-உம் ஒரே அச்சா?

மரத்தைக் கழற்றாமல் தீர்ப்புச் சொல்வது

மோசினில் ரிசீவரின் பின்நீட்டமான வாலுக்கு அடியில் தனி ஆண்டு இருக்கும், கட்டையைக் கழற்றினால்தான் தெரியும். மோசினை வைத்துப் பின்லாந்து செய்த எம்39 ரைபிளில் பேரல் 1942 என்று சொல்ல, வால் 1890-களைச் சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். ரஷ்ய ரிசீவர்களை அவர்கள் வீணாக்கவில்லை.

வெறும் இடத்தைத் தாண்டிப் போவது

ஜப்பானிய அரிசாகா ரைபிளின் ரிசீவர் தலையில் பதினாறு இதழ்ச் செவ்வந்தி இருக்க வேண்டும். சரணடைந்தபோது பலவற்றில் அதைத் தேய்த்து அழித்தார்கள். அங்கே விரலுக்குத் தட்டும் சப்பை இடமும் ஒரு முத்திரைதான்.

அம்புக்குறி

ஒன்று இருந்தால் பிரிட்டிஷ் அரசு உடைமை. இரண்டு முனையோடு முனை முட்டினால் விற்றுத் தள்ளியது.

தம்பிக்கு, ரிசீவரின் வலப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், எதையும் தேய்க்காமல். வந்தது. மூன்றில் இரண்டு கிரீடங்கள் பிழைத்திருந்தன.