வலையைக் கீழே வைக்கச் சொல்லாதீர்கள்

பாம்பன் கரையில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த ஓர் அண்ணனிடம், "படம் எடுத்துக்கவாண்ணே?" என்று கேட்டேன். சரி என்றவர் வலையை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார், சட்டைப் பொத்தானைப் போட்டார், கையைத் தொடையோடு ஒட்டி விறைப்பாக நின்றார். நான் "சிரிங்க" என்றேன். படம் கெட்டது அங்கேதான். புதிதாக முகங்களைப் படம் எடுப்பவர்கள் இந்த வரிசையில் செய்து பாருங்கள்.

முதலில் நேரம். காலை 8 மணிக்குள், இல்லையென்றால் மாலை 4.30-க்கு மேல். உச்சி வெயிலில் வெள்ளை மணலும் கண்ணைக் கூச வைக்கும். சுருங்கிய கண்ணோடு யாரும் இயல்பாக இருக்க முடியாது. வேறு நேரம் வாய்க்காவிட்டால் ஓலைக் கொட்டகை நிழலில், முகம் வெளிச்சத்தைப் பார்க்க உட்காரச் சொல்லுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். முதல் பத்து நிமிடம் போன் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். "இன்னைக்கு மீன்பாடு எப்படிண்ணே? கச்சான் காத்து அடிக்குதா?" என்று கேட்டு, பதிலை உண்மையாகவே கேளுங்கள். அப்புறம் அனுமதி கேட்டு, அவர் நிற்க விரும்பியபடியே ஒரு படம் எடுங்கள். அந்த விறைப்பு அவர் கேமராவுக்குக் கொடுக்கும் மரியாதை, அதைத் திருத்தப் போகாதீர்கள். எடுத்ததைக் காட்டுங்கள். "நீங்க வேலையைப் பாருங்கண்ணே, நான் இங்கேயே இருக்கேன்" என்று சொல்லுங்கள். கை ஊசியைப் பிடித்ததும் தோள் தானாக இறங்கும். பேச்சு நடுவே அவர் நிமிரும் நொடிக்குக் காத்திருங்கள்.

கடற்பாசி எடுக்கும் அக்காமார் நனைந்த துணியோடு கரையேறும்போது கேமராவைத் தூக்கவே கூடாது. அவர்கள் உடை மாற்றி, பாசியைக் காயப்போடும்போது போய்க் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகத் தெரியும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வையுங்கள். கேமரா என்றால் 50 அல்லது 85 மி.மீ. லென்ஸ் போடுங்கள். கடற்காற்றில் தலைமுடியும் கையும் அசையும், அதனால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/250 நொடிக்கு மேல் போக வேண்டாம். பின்னால் கடலும் வானமும் பளிச்சென்று இருந்தால் முகம் கறுத்துவிடும். திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டுங்கள்.

அடுத்த முறை போகும்போது இரண்டு படங்களையும் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். விறைப்பாக நின்றதுதான் பெரும்பாலும் வீட்டுச் சுவருக்குப் போகும்.