ஜிப்ஸிக்கு டோர் பீடிங் மாற்றுவது எப்படி? முதலில் அந்த இரும்பு விளிம்பைப் பாருங்கள்

மாருதி ஜிப்ஸி 1985-இல் வந்தது, 1996-இல் 1.3 லிட்டர் இன்ஜினோடு 'கிங்' ஆனது, 2019-இல் பொதுமக்களுக்கான விற்பனையே நின்றுவிட்டது. அதனால் இன்று கைமாறி வருகிற வண்டிகள் பெரும்பாலும் நல்ல வயதானவை. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங் காய்ந்து, வெடித்து, மூலைகளில் தட்டையாகிக் கிடக்கும். ஐப்பசி மழையில் கால்வைக்கும் இடத்தில் தண்ணீர் தேங்கும், மண் ரோட்டில் போனால் சீட்டு முழுக்கப் புழுதி. பீடிங்கை நீங்களே மாற்றலாம், பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: ரப்பர் தானாகத் தண்ணீரைத் தடுத்துவிடாது. அது உட்கார்ந்திருக்கும் இரும்பு விளிம்பு நேராகவும் துரு இல்லாமலும் இருக்க வேண்டும், கதவும் அதன்மேல் சரியாக அழுந்த வேண்டும். புது பீடிங் போட்டும் ஒழுகுகிறது என்று வரும் வண்டிகளில் இந்த இரண்டில் ஒன்றைத்தான் யாரோ பார்க்காமல் விட்டிருப்பார்கள்.

இங்கே சொல்வது ஹார்ட்டாப் (கெட்டியான கூரை) வண்டிக்கு, பீடிங் பாடியின் விளிம்பில் செருகியிருக்கும் வகைக்கு. சாஃப்ட்டாப்பாக, அதாவது துணிக் கூரையோடு, வாங்கிப் பின்னால் வெளியே ஹார்ட்டாப் போட்ட வண்டி என்றால் மேல்பக்க விளிம்பு வேறு மாதிரி இருக்கலாம், கதவைத் திறந்து சுற்றிலும் கை வைத்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்காரட்டும், நீங்கள் வெளியே ஹோஸ் பிடியுங்கள். கீழிருந்து ஆரம்பித்து மெல்ல மேலே வாருங்கள். எடுத்ததும் கூரையில் அடித்தால் எல்லா இடமும் நனைந்து, எது ஒழுகுகிறது என்றே தெரியாது. முன் கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கும் தண்ணீரும் டேஷ்போர்டுக்கு அடியில் ஓடிவந்து அதே கால்வைக்கும் இடத்தில்தான் சேரும், அதற்கு டோர் பீடிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை. கதவின் அடிப்பாகத்தில் இருக்கும் வடிகால் துளைகளையும் பாருங்கள். கண்ணாடியை ஒட்டிக் கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். சேறு அடைத்திருந்தால் ஒரு சைக்கிள் கம்பியால் குத்திவிடுங்கள், சில வண்டிகளில் பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

அப்புறம் பேப்பர் சோதனை. செய்தித்தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, பீடிங்குக்கும் கதவுக்கும் நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். இறுக்கமாக வந்தால் நல்லது, வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே அழுத்தம் இல்லை. சுற்றிலும் கையகலத்துக்கு ஒருமுறை இப்படிப் பார்த்து, தளர்ந்த இடங்களைச் சாக்பீஸால் குறித்துவையுங்கள். இந்தக் குறிகள் பின்னால் தேவைப்படும்.

பீடிங் வாங்கும்போது

வண்டிக்கென்றே வார்த்த பீடிங் கிடைத்தால் அதையே வாங்குங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. கிடைக்காவிட்டால் மீட்டர் கணக்கில் விற்பதை வாங்கலாம். அதற்குப் பழைய பீடிங்கில் தட்டையாகாத இடத்திலிருந்து ஒரு விரல் நீளம் வெட்டிக் கடைக்குக் கொண்டுபோங்கள், போட்டோ போதாது. வெட்டிய முகத்தைப் பார்த்தால் ஒரு பக்கம் 'ப' வடிவக் கவ்வி, அதற்குள்ளே தகட்டுப் பற்கள், இன்னொரு பக்கம் உள்ளே காலியான குமிழ் தெரியும். அந்தக் குமிழ் கவ்வியின் தலையில் இருக்கிறதா, பக்கவாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இடம் மாறிப்போனால் கதவு அழுந்தவே அழுந்தாது. குமிழ் பெரிதாக இருந்தால் நன்றாக அடைக்கும் என்று நினைத்துப் பலர் தடித்ததை வாங்குகிறார்கள். கதவு சாத்த வராது, ஓங்கி ஓங்கி அறைந்து கடைசியில் லாக்கும் கீலும்தான் கெடும். ரப்பர் இ.பி.டி.எம். (ஒரு வகைச் செயற்கை ரப்பர்) என்று கேட்டு வாங்குங்கள், வெயிலை நன்றாகத் தாங்கும்.

பழையதைக் கழற்றுதல்

காலடியில் பட்டை ஏதாவது ஸ்குரூ போட்டிருந்தால் முதலில் அதை எடுங்கள். பழைய பீடிங்கின் இணைப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து பிடித்து இழுத்தால் பெரும்பாலும் கையோடு வந்துவிடும். ஒட்டிக்கொண்டிருந்தால் பிளாஸ்டிக் பட்டை எதையாவது கொடுத்து நெம்புங்கள், ஸ்குரூடிரைவர் பெயிண்டைக் கீறிவிடும். கழற்றியதை வீசிவிடாதீர்கள், நீளம் பார்க்க வேண்டியிருக்கும்.

விளிம்பு

முழு வேலையிலும் அதிக நேரம் பிடிக்க வேண்டியது இங்கேதான். பீடிங் கவ்விக்குள் ஈரம் புகுந்தால் சீக்கிரம் காயாது, அதனால் துரு பெரும்பாலும் அந்த மறைவில்தான் தொடங்கும். குறிப்பாகக் கீழ் மூலைகள் இரண்டும்.

வயர் பிரஷ்ஷால் தேய்த்து, 80 நம்பர் உப்புத்தாள், பிறகு 220 போட்டு வெறும் இரும்பு தெரியும்வரை வாருங்கள். விளிம்பை ஸ்குரூடிரைவர் நுனியால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனாலோ பொடிந்தாலோ அங்கே நிறுத்திவிட்டு டிங்கரிடம் காட்டி வெல்டு வைக்க வேண்டும். அந்த இடத்தில் பட்டி போட்டு மூடினால் பீடிங்கின் பற்கள் கவ்வும்போது பட்டி உடைந்துவிடும். சிலிக்கான் பிதுக்கி அடைப்பதும் கூடாது, ஏற்கெனவே பிடித்த ஈரம் அதற்குள் சிக்கிக்கொண்டு இரும்பைத் தின்னும்.

இரும்பு கெட்டியாக இருந்தால் குழிகளில் மிச்சமிருக்கும் துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் (துருவை மேலும் பரவாத படலமாக மாற்றும் திரவம்) தடவி, காய்ந்ததும் ப்ரைமர், அதன்மேல் பெயிண்ட். மெல்லிசாக அடியுங்கள், விளிம்பு தடித்தால் கவ்வி ஏறாது. ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். பெயிண்ட் அடிக்கும் முன்பே விளிம்பில் கண்ணை ஓட்டி வளைவு இருக்கிறதா பாருங்கள். சாக்பீஸ் குறி போட்ட இடத்தில் விளிம்பு உள்வாங்கியிருந்தால் கட்டிங் பிளேயரின் வாயில் துணி சுற்றிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள்.

புதியதைப் போடுதல்

சுருளாக வந்த பீடிங்கை அரை மணி நேரம் வெயிலில் நீட்டிப் போடுங்கள், இளகி மடிப்பு போய்விடும். இணைப்பு கீழே, காலடியின் நடுவில் வரட்டும். மேலே வைத்தால் மழை நேராக அதில்தான் இறங்கும்.

கீழ் நடுவில் தொடங்கி, கையால் அழுத்திக்கொண்டே போய், பின்னாலேயே ரப்பர் சுத்தியலால் தட்டி உட்கார வையுங்கள். குமிழ் கதவு வந்து அழுந்தும் பக்கம் பார்த்திருக்கட்டும். இழுக்கவே கூடாது. இழுத்துப் போட்ட ரப்பர் சில வாரத்தில் சுருங்கி, மூலையில் விளிம்பை விட்டு எழும்பிவிடும். மூலை வரும்போது கொஞ்சம் ரப்பரைக் கூடுதலாகத் தள்ளிக் கொடுங்கள், குமிழ் நசுங்காமல் வளைய வேண்டும். நசுங்கினால் கழற்றி மறுபடி போடுங்கள், அதை அப்படியே விட்டால் ஒழுகும்.

சுற்றி வந்து சேர்ந்த பிறகுதான் வெட்ட வேண்டும், அதுவும் தேவைக்கு மேல் அரை சென்டிமீட்டர் விட்டு. தகடு இருப்பதால் கத்தரி திணறும், கட்டிங் பிளேயர் சரியாக இருக்கும். இரண்டு முனையும் ஒன்றையொன்று நெருக்கும்படி செருகி, முனைகளில் கொஞ்சம் ரப்பர் பசை வையுங்கள்.

கதவு சாத்த வரவில்லையா?

புது ரப்பர் கெட்டியாகத்தான் இருக்கும். முதல் இரவு கதவைச் சாத்தியே வையுங்கள், சாத்தும்போது கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டால் உள்ளே அடைபடும் காற்று எதிர்க்காது. ஒரு வாரத்தில் பெரும்பாலும் இளகிவிடும்.

அப்போதும் இறுக்கமாக இருந்தால் கதவுத் தூணில் இருக்கும் லாக் கொண்டியை நகர்த்த வேண்டும். அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு ஸ்குரூவைக் கொஞ்சம் மட்டும் தளர்த்தி, ஒரு மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளி முடுக்குங்கள். ஸ்குரூ பல வருடமாக அசையாமல் இருந்திருக்கும், சரியான அளவு ஸ்டார் முனையை வைத்து இம்பேக்ட் டிரைவரால் அடித்துத் திருப்பினால் தலை தேயாது. நகர்த்திய ஒவ்வொரு முறையும் பேப்பர் சோதனை செய்யுங்கள். மேலே இறுக்கம், கீழே தளர்வு என்றால் கொண்டியை நகர்த்தி ஒன்றும் ஆகாது, கதவே தொங்கியிருக்கலாம். கீல் ஊசிகளைப் பார்க்க வேண்டும்.

கடைசியில் மறுபடி ஹோஸ். உள்ளே ஃப்ளோர் மேட்டைத் தூக்கித் தரையைக் காயவைத்துவிட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் பழைய ஈரத்தைப் புது ஒழுகல் என்று நினைப்பீர்கள். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை துணியில் சிலிக்கான் ஸ்பிரே தொட்டுத் துடைத்தால் போதும். கிரீஸும் எஞ்சின் ஆயிலும் வேண்டாம், இந்த ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும்.